மூன்றாம் எண் தகவலாளர்

அத்தியாயம் பதினேழு

பெயரை மறைப்பது ஆய்வாளரின் முதற்கடமை. அனிதா மேரி அக்கடமையைச் செவ்வனே செய்தாள்; பிறகு அதைத் தானே கெடுத்துக்கொண்டாள்.

கரைமேட்டூர் என்னும் தன் ஊரின் பெயரை அவள் ஆய்வேட்டில் மாற்றியிருந்தாள். தன்னிடம் மனம் திறந்து பேசிய பெண்களுக்குத் ‘தகவலாளர் ஒன்று’ முதல் ‘தகவலாளர் பதினொன்று’ வரை எண்களை மட்டுமே கொடுத்தாள். உதவியவர்களுக்கு நன்றி கூறாமல் விடுவது பண்பாகாது என்று எண்ணி, முதற்பக்கத்தில் அப்பதினொருவரின் பெயர்களையும் எழுதினாள். எழுதியதுதான் எழுதினாள், வரிசையையாவது மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. மூன்றாவது பெயர் வீரம்மாள்.

அந்தத் தட்டச்சுப் படி அவள் கைக்கு வருவதற்கு முன்பே தந்தையின் கைக்குப் போன கதையைச் சென்ற வாரம் கண்டோம். மகனின் திருமண அழைப்பிதழைச் சரிபார்க்க அரியலூருக்குச் சென்ற மரிய ஆல்பர்ட்டிடம், கணினி அச்சகம் நடத்தும் சின்னதுரை, “ஒங்க பொண்ணு புஸ்தகமும் ரெடிங்க” என்று பெருமையோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். பேருந்து திருமானூரை அடைவதற்குள் அவர் நான்காம் இயலைப் படித்து முடித்திருந்தார்.

இன்று வியாழக்கிழமை. மாலை நான்கு மணிக்குள் ஆய்வேட்டின் ஐந்து படிகள் பெரம்பலூர்க் கல்லூரியில் இருக்க வேண்டும். தவறினால் அனிதாவுக்கு ஓராண்டு வீண்.

காலை ஏழு மணிக்கு மரிய ஆல்பர்ட் கூடத்தில் அமர்ந்து, மூக்குக் கண்ணாடியை அணிந்து, மகள் எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டினார்.

“‘விருந்து முடிந்த பிறகு, நிலத்தில் வேலை செய்யும் குடும்பத்தினர் கொல்லைப்புறத்தில் நின்று, தாங்கள் கொண்டுவந்த பாத்திரங்களில் உணவு பெற்றுச் செல்கின்றனர். இதற்கு ஊரில் முறை என்று பெயர்.’ இது யாரு வூட்டுக் கொல்லை?”

“பேரு போடலப்பா.”

“கெணத்துக்குப் பக்கத்துல முருங்கை மரம்னு போட்டிருக்கியே! அதுல கம்பளிப்பூச்சி எத்தனன்னு மட்டுந்தான் போடல.”

அண்ணன் ஞானமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவனுக்குத்தான் திருமணம். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவனுடைய திருமண அறிவிப்பு ஓலையை முதன்முறையாக வாசிக்கிறார்கள். அன்று மதியம் இவ்வீட்டில் முந்நூறு பேருக்கு விருந்து.

“நான் யாரையாச்சும் வெறுங்கையோட அனுப்பியிருக்கனா?” என்றார் மரிய ஆல்பர்ட். “எலையில ஒக்காந்தா ஒருத்தர் சாப்பாடு. பாத்திரத்துல வாங்கிட்டுப் போனா அந்த வூடே சாப்பிடும். பக்கத்துலயே நின்னு, அள்ளிப் போடு அள்ளிப் போடுன்னு சொல்றவன் நான். இதுல என்ன கொறையக் கண்டுட்ட?”

“கொறைன்னு எழுதலப்பா. ஏன் அப்படி நடக்குதுன்னு எழுதியிருக்கேன்.”

“ஏன்னு நான் சொல்றேன், கேளு. ஒடம்புல தலையும் காலும் ஒரே வேலையா செய்யுது? தல மேல இருக்கு, கால் கீழ இருக்கு. ஆளுக்கு ஒரு எடம் இருந்தாத்தான் ஊரு ஓடும். எடம் மாறிச்சுன்னா எல்லாரும் கவுந்து விழ வேண்டியதுதான்.”

அனிதா திகைத்துப்போனாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கிய தந்தை, அவள் ஆறு பக்கங்களில் எழுதிய செயற்பாட்டுக் கோட்பாட்டை அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். சமூகம் ஓர் உடல். அதன் ஒவ்வொரு வழக்கமும் ஓர் உறுப்பு. எந்த உறுப்பும் காரணமின்றி இருப்பதில்லை. அவளுடைய ஆய்வேட்டின் ஐம்பத்திரண்டாம் பக்கம் அது.

“அப்பா, இதத்தான் மொதக் கோட்பாடுன்னு எழுதியிருக்கேன்.”

“அப்ப சரியாத்தான எழுதியிருக்க? அதோட நிறுத்த வேண்டியதுதான?”

“ரெண்டாவது ஒண்ணு இருக்குப்பா. முரண் கோட்பாடுன்னு பேரு. இந்த முறையால யாருக்கு லாபம், யாரு முதுகுல சுமைன்னு கேக்கறது.”

“அத ஒன்ன எவன் கேக்கச் சொன்னான்?”

சமையலறையிலிருந்து தாய் லீலா மேரியின் குரல் வந்தது. “கீழ இருக்கியே, சரிதானான்னு அந்தக் காலையும் ஒருவாட்டி கேட்டுப் பாத்திருக்கலாம்.”

“நீ அடுப்பப் பாரு.”

“அதத்தான் முப்பது வருசமா பாக்கறேன்.”

மரிய ஆல்பர்ட் தாள்களை மேசைமீது வைத்தார். அவர் குரல் உயரவில்லை, உயராததுதான் அச்சமூட்டியது.

“நாலாவது பாகத்த எடுத்துடணும். எடுக்கலன்னா, இதுல பேரு இருக்கற பதினோரு பொம்பளைங்களும் திங்கக்கெழமையிலேருந்து நம்ம கரும்புக்கு வரவேணாம். நான் வேணாம்னா இந்த ஊருல வேற யாரும் சேத்துக்க மாட்டாங்க. மேஸ்திரிகிட்ட சொல்லியனுப்பிட்டேன்.”

முறை என்கிற சொல்லுக்குள் எத்தனை முரட்டுத்தனத்தை நாம் மூடி வைத்திருக்கிறோம்! எழுதியவள் மகள், தண்டனை கூலிப் பெண்களுக்கு. மகளைத் தண்டித்தால் வீட்டுக்குக் கேடு. அவர்களைத் தண்டித்தால் அது ஒழுங்காம்!

தனக்கு மட்டும் தீங்கு வருமெனில் அனிதா ஓரங்குலமும் நகர்ந்திருக்க மாட்டாள். பதினொரு வீட்டு அடுப்பைத் தன் துணிச்சலுக்கு விறகாக்க அவளுக்கு உரிமை உண்டா?

“எடுத்துடறேன்பா” என்றாள்.

அரியலூருக்கு வண்டியை ஓட்டிச் சென்ற ஞானமுத்து பாதி வழியில் பேச்சைத் தொடங்கினான்.

“எங்கிட்டயும் கேட்டிருக்கலாமில்ல? பன்னெண்டாவது தகவலாளரா இருந்திருப்பேன்.”

“நீ என்னத்தச் சொல்லியிருப்ப?”

“மொதப் பந்தியில ஒக்காந்தேன், சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருப்பேன்.”

“அத எழுத ஆயிரம் பேரு இருக்காங்க. வண்டியப் பாத்து ஓட்டு.”

சின்னதுரை அவளைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தான் செய்த பிழை அவனுக்கு எட்டியிருந்தது. “நல்ல மனசோடதாங்க குடுத்தேன். பெத்தவரு பாத்தா சந்தோசப்படுவாருன்னு...”

“போனது போகட்டும். நாலாம் இயல எடுத்துடுங்க.”

“முழுசாவா? பொருளடக்கம் மாறும், பக்க எண் மாறும். அஞ்சாவது நாலாவதாயிடும். ஒரு மணி நேரம் ஆகுங்க.”

“ஆகட்டும்.”

கணினித் திரையில் ஐம்பதாம் பக்கம் தோன்றியபோது, வாசலில் நிழல் விழுந்தது. வீரம்மாள் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பெரியம்மாள். இருவர் சேலையிலும் கரும்புத் தோகையின் சுணை ஒட்டியிருந்தது. காலை வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறியிருக்கிறார்கள்.

“பாப்பா, எம் பேர எடுத்துட்டியா?”

“எடுக்கத்தான் வந்திருக்கேன்க்கா. பயப்படாதீங்க.”

“யாரு பயந்தா?” வீரம்மாள் உள்ளே வந்து, சின்னதுரை துடைத்துப் போட்ட நாற்காலியில் அமர்ந்தார். “மேஸ்திரி காலையில வயல்லயே வந்து சொன்னாரு. நீங்க என்னமோ சொல்லி, இந்தப் பொண்ணு என்னமோ எழுதிட்டாளாம்னு. நீ இங்க வந்திருக்கன்னு ஒங்கம்மா சொன்னாங்க. என்னத்த எழுதின? படி. ஊரே படிச்சிருச்சு. சொன்னவளுக்குத் தெரியல.”

அனிதா படித்தாள். “‘பாத்திரத்தில் உணவு பெறுவது குறித்துத் தகவலாளர் மூன்று வருத்தம் தெரிவித்தார். எனினும், நெடுநாளைய வழக்கமாதலால் அதனை ஏற்றுக்கொண்டதாகக் கூறினார்.’”

“யாரு, நானா?”

“ஆமாக்கா.”

“வருத்தம்னா? நான் ஒங்கிட்ட அழுதனா?”

பெரியம்மாள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். “இவளா அழுவா? இவ புருசன் செத்தன்னைக்கே, வந்தவங்களுக்குத் தண்ணி குடுங்கடின்னு அதட்டிட்டு நின்னவ.”

“நீ சும்மா இருடி.” வீரம்மாள் அனிதாவை நேராகப் பார்த்தார். “ஏத்துக்கிட்டேன்னு நான் சொல்லல. வாங்கிக்கிறோம்னு சொன்னேன். நீ அதுக்கு மேல கேக்கல. பேனாவ மூடிட்ட.”

“என்னக்கா கேக்கல?”

“வாங்கிட்டுப் போயி என்ன செஞ்சீங்கன்னு கேட்டியா?”

அனிதா பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தாள்.

“ஏழு வருசமா அந்தச் சோத்துல ஒரு பருக்கய எங்க தெருவுல யாரும் தின்னதில்ல. ஒங்க சின்ன அத்தை கல்யாணத்துக்கு எம் மவளையும் கூட்டியாந்தேன். பதினாலு வயசு. நல்ல மழை. உள்ள பந்தி நடக்குது, நாங்க முருங்க மரத்தடியில நிக்கறோம். மூணு மணி நேரம். தாவாரத்துல கூட ஏறி நிக்கச் சொல்லல யாரும். வூட்டுக்கு வந்து, சட்டிய நடுவுல வச்சுட்டு, ‘நான் திங்க மாட்டேன், நீயும் திங்காத’ன்னுட்டா. அன்னைக்கு வாய்க்கா மதகுகிட்ட மாட்டுக்குக் கொட்டுனேன். மறு விசேசத்துக்கு இவ கொட்டுனா. அப்புறம் பதினோரு வூடும்.”

“கறிய மாட்டுக்கு வைக்க முடியாதுல்ல” என்றார் பெரியம்மாள். “அது நாய்க்கு. ஒங்க வூட்டு விசேசம்னா எங்க தெரு நாய்க்குத்தான் கொண்டாட்டம்.”

ஞானமுத்துவின் முகம் சிவந்தது. “அப்பறம் எதுக்கு வந்து வாங்கறீங்க?”

“பாத்திரம் கொண்டாராதவளுக்கு மறுநா கரும்புல வேலை இருக்காது தம்பி. கேக்காமயே தெரியும். ஒங்கப்பாரு கொல்லையில நின்னு அள்ளிப் போடச் சொல்றாரே, அது எங்க சட்டி நெறஞ்சுதான்னு பாக்கவா? யாரு யாரு வந்திருக்கான்னு பாக்க.”

நான்காம் இயலில் அனிதா மூன்று கோட்பாடுகளைப் பொருத்தியிருந்தாள். இவ்வழக்கம் ஊரை ஒட்டவைக்கிறது என்றது முதலாவது; அந்த ஒட்டு வாய்க்கால் மதகு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. லாபம் வலியவருக்கே, ஆயினும் அவருடைய ஒழுங்கையே எளியவர் தம் ஒழுங்காக நம்பிவிடுகின்றனர் என்றது இரண்டாவது. பதினொரு வீடுகளில் ஒன்றுகூட நம்பவில்லை. ஒரு செயலின் பொருள் அதைச் செய்பவரின் உள்ளத்தில் இருக்கிறது, ஆகையால் அவரைக் கேள் என்றது மூன்றாவது. கேட்டாள், பாதியில் நிறுத்தினாள், மீதியைத் தானே எழுதிக்கொண்டாள். பேராசிரியர்கள் முதல் ஊர்ப் பெரியவர்கள் வரை நாம் அனைவரும் செய்கிற குற்றம் இது. ஏழையின் மௌனத்தைக் கண்டதும் அதற்கு உரை எழுத உட்கார்ந்துவிடுகிறோம்.

“இத எழுதினா வேலை போயிடும்க்கா.”

“எழுதாட்டி மட்டும்? ஒரு தடவ மெரட்டுனவரு மறு தடவ மெரட்ட மாட்டாரா? மீன்சுருட்டிப் பக்கம் தோகை உரிக்க ஆள் தேடறாங்க. பதினோரு பேரும் லாரி ஏறிடுவோம். ஒங்க வயல்ல பாதிக் கரும்பு நிக்குது. அத யாரு உரிப்பா, அழைப்பிதழ் குடுத்து வர்ற சொந்தக்காரங்களா?”

“கால் கெளம்புதுடி” என்று ஞானமுத்து தங்கையின் காதருகே முணுமுணுத்தான்.

“நாலாவது பாகம் இருக்கட்டும்” என்றார் வீரம்மாள். “வருத்தத்த அடி. நான் சொன்னத எழுது. எதுக்கு நம்பரு? எம் பேரையே போடு. நான் என்ன கைதியா?”

“பேரு போடணும்னா நீங்க எழுத்துல சம்மதம் குடுக்கணும்க்கா. அதான் விதி.”

“குடு, பேனாவ.”

அறிவொளி வகுப்பில் கற்ற கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி எழுதினார். தாளின் மறுபக்கத்தைத் தடவினால் விரலில் தட்டுப்படும். பெரியம்மாள், அச்சக முத்திரை மைப்பெட்டியில் பெருவிரலைத் தோய்த்து ஒற்றினார்.

“மத்த ஒம்பது பேரு?” என்றான் சின்னதுரை.

“அவங்க நம்பராவே இருக்கட்டும்” என்றாள் அனிதா. “அவங்க பேர நான் முடிவு பண்ணக் கூடாது. ஏற்கெனவே ஒருவாட்டி பண்ணிட்டேன். நன்றியுரையில அந்த ஒம்பது பேரையும் எடுத்துடுங்க.”

ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு பத்தி நீங்கியது. ஒரு பத்தி புகுந்தது. ஏழாண்டுக் கதை முழுவதும், பேசிய மொழியிலேயே, வீரம்மாளின் பெயரோடு அதில் இடம்பெற்றது. சின்னதுரை கூலி வாங்க மறுத்துவிட்டான். தன் தவற்றுக்கு அவனே விதித்துக்கொண்ட தண்டனை.

பெரம்பலூர்க் கல்லூரியின் துறை அலுவலகத்தில் ஐந்து படிகளையும் அவள் வைத்தபோது, சுவர்க் கடிகாரம் மூன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. வழிகாட்டிப் பேராசிரியை புதிய பக்கத்தை நின்றபடியே படித்தார், இருமுறை படித்தார்.

“இதுக்கு எந்தக் கோட்பாட்டப் பொருத்தறே?”

“மூணுமே பொருந்தலைங்க மேடம்.”

“வாய்மொழித் தேர்வுல இதத்தான் கேப்பாங்க. பொருந்தலன்னு மட்டும் சொல்லிட்டு நிக்க முடியாது.”

“பொருந்தலன்னு சொன்னவங்களையே கூட்டிட்டு வரேன் மேடம். அவங்க பதில் சொல்லுவாங்க.”

பேராசிரியை கையொப்பமிட்டார். “கூட்டிட்டு வா. கேட்டுடுவோம்.”

ஆறு மணிக்கு அவர்கள் வீடு திரும்பியபோது, பந்தல்காரர்கள் முற்றத்தில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே குழி தோண்ட வேண்டும் என்று மரிய ஆல்பர்ட் காட்டிக்கொண்டிருந்தார்.

“எடுத்தாச்சா?”

“இல்லப்பா. சேத்தாச்சு.”

ஆறாவதாக எடுத்திருந்த படியை, ஐம்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்தார். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. பந்தல்காரர்கள் கடப்பாரையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

“சோத்தையா?”

“ஆமாம்பா.”

“மாட்டுக்கா?”

“கறிய நாய்க்கு” என்றான் ஞானமுத்து. அதை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அவர் முகத்தில் கோபம் வரும் என்று அனிதா ஆயத்தமாக நின்றாள். வந்தது கோபம் இல்லை. தாம் கொடுத்தவர் என்ற நினைப்பின்மேல் முப்பது ஆண்டுகள் வீடு கட்டி வாழ்ந்த மனிதர், அந்த வீட்டில் ஒருநாளும் விருந்தாளி வந்ததில்லை என்று அறிந்தால் எப்படி விழிப்பாரோ, அப்படி விழித்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றார் லீலா மேரி.

“எப்படி?”

“நம்ம மாடும் அந்த மதகுலதான் தண்ணி குடிக்குது. விசேசத்துக்கு மறுநா அதுக வயிறு முட்டிக் கெடக்கும்.”

“ஏழு வருசமா ஏண்டி சொல்லல?”

“நீங்க கேக்கல. நானும் எல்லாப் பந்தியும் முடிஞ்சு, அண்டாவச் சுரண்டித் திங்கறவதான். சொல்லியிருந்தா அள்ளிப் போடறத நிறுத்தியிருப்பீங்களே ஒழிய, எலை போட்டிருக்க மாட்டீங்க.” அவர் கைகளை முந்தானையில் துடைத்தார். “ஞாயித்துக்கெழம நான் போடப்போறேன். மொதப் பந்தியில பதினோரு எலை. நானும் அந்த வரிசையிலதான் ஒக்காருவேன். ஒங்களுக்குப் பரிமாற ஆள் வேணும்னா வச்சுக்குங்க.”

“சம்பந்தி வூட்டுக்காரங்க எழுந்து போயிடுவாங்க.”

“போனா போகட்டும்” என்றான் மாப்பிள்ளை.

மரிய ஆல்பர்ட் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து அணிந்தார். ஆய்வேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

“எங்கப்பா போறீங்க?” என்று அனிதா ஓடிவந்தாள்.

“அவளையே கேக்கப் போறேன்.”

“என்னன்னு கேப்பீங்க?”

அவர் நடையை எட்டிப் போட்டார். அவர் கேட்கப்போவது கேள்வியா, பழைய அதட்டலா என்பது அவருக்கே தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

“நீ வராத” என்றார்.

“நான் ஒங்களோட வரல. அவங்களோட நிக்க வரேன்.”

“இருடி, அடுப்ப அணைச்சுட்டு நானும் வந்துடறேன்” என்று உள்ளிருந்து லீலா மேரியின் குரல் கேட்டது.

மரிய ஆல்பர்ட் வேகமாக நடந்து, வாய்க்காலைத் தாண்டி, அந்தத் தெரு தொடங்கும் இடத்தை அவர்களுக்கு முன்பே அடைந்தார். அங்கே நின்றுவிட்டார். வீரம்மாள் இருபது ஆண்டுகளாக அவருடைய கரும்பில் தோகை உரித்தவர். வீரம்மாளின் வீடு இந்த வரிசையில் எது என்று மரிய ஆல்பர்ட்டுக்குத் தெரியவில்லை. மகள் வந்து காட்டும்வரை அவர் அங்கே நிற்க வேண்டியிருந்தது.